தானாக வழுக்கி விழுந்தார்

ஹவுஸ் சர்ஜனாக இருந்த ஒரு வருடத்தில் என் கை அதிகம் எழுதியது 'செல்ஃப் ஸ்கிட்' என்பதைத்தான். தானாக வழுக்கி விழுந்தார். கேஷுவாலிட்டியில் டூட்டி பார்த்தவர்கள் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அடிபட்டவர் உள்ளே வரும்போதே ஏ.ஆர். புத்தகமும் திறந்துவிடும். ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர். பெயர், வயது, தகப்பனார் அல்லது கணவர் பெயர், விலாசம், அங்க அடையாளம் இரண்டு, கூட்டி வந்தவர் யார், எப்போது நடந்தது, எங்கே நடந்தது, எப்படி நடந்தது. ரத்தம் வடிந்துகொண்டிருக்கும் மனிதனின் உடம்பில் மச்சம் தேடிக் கண்டுபிடிக்க ஒதுக்கும் நேரத்தில் பாதிகூட அந்த 'எப்படி'க்கு நாங்கள் ஒதுக்கியதில்லை. படிவத்தில் அதற்கு இருந்த இடமே ஒன்றரை வரிதான்.

அந்த ஒன்றரை வரியில் என்னவெல்லாம் அடங்கிப்போகிறது என்று பாருங்கள். வளைவில் கொட்டிக் கிடந்த எம்-சாண்ட், குறுக்கே பாய்ந்த நாய், லாரி சிந்திவிட்டுப் போன டீசல், மழைத்தண்ணீர் மூடிய குழி, இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்தவனின் தூக்கம், மூன்று பேர் ஏறிய வண்டி, தேய்ந்த டயர், குவார்ட்டர். எல்லாமே 'செல்ஃப் ஸ்கிட்'. எதிரே வண்டி எதுவும் மோதவில்லை என்றால் அவர் தானாகத்தான் விழுந்தார் என்பது எங்கள் கணக்கு.

இந்தச் சொல்லின் உறவுக்காரர்கள் இன்னும் இரண்டு பேர் உண்டு. ஒன்று, 'தவறி விழுந்தார்'. இன்னொன்று செய்தித்தாளின் செல்லப்பிள்ளை: 'எதிர்பாராத விதமாக'. எதிர்பாராத விதமாக மோதியது, எதிர்பாராத விதமாகக் கவிழ்ந்தது. இந்த மூன்றையும் நம்பித்தான் நானும் பல வருடம் ஊசி போட்டு, தையல் போட்டு, மேல்சிகிச்சைக்கு ரெஃபர் எழுதிக்கொண்டிருந்தேன்.

நம்பிக்கையில் முதல் கீறல் விழுந்தது ஒரு சிஸ்டரால். தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஒரு தாலுகா மருத்துவமனையில் அப்போது வேலை. ஊர்ப் பெயர் வேண்டாம். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த சீனியர் ஸ்டாஃப் நர்ஸ் அவர். 108 வண்டி உள்ளே திரும்பும் சத்தம் கேட்டதும் வாசலுக்குப் போவார். ஸ்ட்ரெச்சரை இறக்குவதற்கு முன்பே டிரைவரிடம் ஒரே கேள்விதான் கேட்பார்: "ஆலைப் பிரிவா?"

ஊருக்கு மேற்கே, பழைய அரிசி ஆலையை ஒட்டி ஒரு கிராமச் சாலை நெடுஞ்சாலையில் வந்து சேரும் இடம் அது. டிரைவர் பெரும்பாலும் தலையாட்டுவார். நான் அதை ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன். எதிர்பாராத விதமாக நடப்பதாக நாங்கள் எழுதுவதை, இந்த அம்மா இடத்தின் பெயர் சொல்லி எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

உறைக்க வைத்தவர் ஒரு பெண்ணின் கணவர்.

அந்தப் பெண்ணுக்கு 42 வயது. கணவரின் வண்டியில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் ஒரு பையுடன், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு இரவு எட்டரை மணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். ஆலைப் பிரிவுக்குச் சற்று முன்னால் வண்டி ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. பின்னால் இருந்தவர் மல்லாந்து விழுந்தார். பின்மண்டை தார் ரோட்டில் அடித்தது. கணவருக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து, கலைந்த கொண்டையைச் சரிசெய்துகொண்டு, "ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போலாம்" என்றிருக்கிறார். யாரோ வற்புறுத்தி ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். என்னிடமும் நன்றாகவே பேசினார். பையில் இருந்த தாம்பூலத் தேங்காய் உடைந்துவிட்டதே என்று வருத்தப்பட்டார்.

இருபது நிமிடத்தில் ஒரு வாந்தி. அப்புறம் இன்னொன்று. கூப்பிட்டால் கண் திறப்பது மெதுவானது. நினைவு நிலையை 15 முதல் 3 வரை மதிப்பெண் போட்டுப் பார்க்கும் கிளாஸ்கோ அளவுகோல் என்று ஒன்று உண்டு. 1974-ல் டீஸ்டேல், ஜெனட் என்ற இரண்டு மருத்துவர்கள் வகுத்தது. கண் திறப்பு, பேச்சு, கை கால் அசைவு மூன்றையும் பார்த்தால் போதும், கருவி எதுவும் வேண்டாம். வரும்போது 15 இருந்தவர் முக்கால் மணி நேரத்தில் 9-க்கு வந்துவிட்டார். மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் சேர்ந்து மூளையை அழுத்தும்போது இப்படித்தான் ஆகும். முதலில் தெளிவாக இருப்பார், பேசுவார், பிறகு கண்ணெதிரே அணைந்துகொண்டே போவார். சொந்தக்காரர்கள் காலாகாலமாகச் சொல்லும் "நல்லா பேசிக்கிட்டுத்தானே வந்தாங்க" என்ற வரிக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுதான். எங்களிடம் அப்போது சி.டி. ஸ்கேன் கிடையாது. மூளை நரம்பியல் அறுவை மருத்துவர் இருந்த இடம் ஒன்றரை மணி நேரத் தொலைவு. மூச்சுக்கு ட்யூப் போட்டு, ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினோம். பிழைக்கவில்லை.

நான்கைந்து நாள் கழித்து அந்தக் கணவர் ஏ.ஆர். காப்பி வாங்க வந்தார். வாங்கிக்கொண்டு போய், அடுத்த நாள் திரும்பி வந்தார். வக்கீல் குமாஸ்தா அதை அவருக்குப் படித்துச் சொல்லியிருக்கிறார். சண்டை போட வரவில்லை. டூட்டி ரூம் வாசலில் நின்று, என் கையெழுத்தில் இருந்த அந்த ஒன்றரை வரியின் மேல் விரலை வைத்துச் சொன்னார்: "அவ தவறி விழல மேடம். அங்க ஒரு மேடு இருந்துச்சு. அதுக்கு வெள்ளக்கோடு இல்ல, லைட்டும் இல்ல. எனக்கே தெரியல, அவளுக்கு எப்படித் தெரியும்?"

என்னிடம் பதில் இல்லை. சட்டப் பத்திரம், திருத்த முடியாது என்று ஏதோ சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் டூட்டி முடிந்ததும் ஆலைப் பிரிவுக்குப் போய்ப் பார்த்தேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அந்த ஊருக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது, அதுவரை ஒரு முறைகூட அங்கே இறங்கிப் பார்த்ததில்லை. அங்கிருந்து வந்தவர்களின் தலையையும் தொடை எலும்பையும் மட்டும்தான் எனக்குத் தெரியும். வேகத்தடை இருந்தது. ஊர்க்காரர்கள் கேட்டு வாங்கியதாம், பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடப்பதற்காக. பெயின்ட் என்றோ அழிந்திருந்தது. கிராமச் சாலையிலிருந்து ஏறும் டிராக்டர்கள் கொண்டு வந்த மண் ஓரத்தில் மெத்தை மாதிரி படிந்திருந்தது. சென்டர் மீடியனில் ஒரு ஆள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் அளவுக்கு ஒரு உடைப்பு. டீக்கடைக்காரர் சொன்னார், "திரும்புறதுக்கு ரெண்டு கிலோமீட்டர் போகணும்ல, அதான்." விளக்குக் கம்பம் இருந்தது. விளக்கு இல்லை. சிஸ்டரின் கேள்விக்கான பதில் முழுவதும் அந்த இருநூறு அடிக்குள் கிடந்தது.

இங்கே கொஞ்சம் பின்னால் போகிறேன். 1935 மே மாதம் இங்கிலாந்தில் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து. ஓட்டியவர் 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று உலகம் அறிந்த டி. ஈ. லாரன்ஸ். சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் மேல் மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பியவர் தூக்கி எறியப்பட்டார். தலையில் ஒன்றும் அணிந்திருக்கவில்லை. ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்க்க வந்த மருத்துவர்களில் ஒருவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ். ஆஸ்திரேலியாவில் பிறந்த மூளை அறுவை நிபுணர். அப்போது அந்தத் துறையே குழந்தைப் பருவத்தில் இருந்தது. கெய்ர்ன்ஸ் அங்கே செய்வதற்கு எதுவும் இல்லை. ஆனால் மனிதர் அந்த மரணத்தை விடவில்லை.

உலகப்போர் வந்தது. ராணுவத்தில் செய்தி கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள் வீரர்கள் எதிரியின் குண்டே இல்லாமல் சாலையில் செத்துக்கொண்டிருந்தார்கள். 1941-ல் கெய்ர்ன்ஸ் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். போரின் முதல் 21 மாதங்களில் 2,279 மோட்டார் சைக்கிள்காரர்களும் பின்னால் அமர்ந்தவர்களும் பிரிட்டனில் இறந்திருக்கிறார்கள் என்று கணக்குக் காட்டினார். அதே கட்டுரையில் ஹெல்மெட் போட்டிருந்தபோது அடிபட்டவர்களைப் பற்றியும் எழுதினார். அவர் கையில் இருந்தது ஏழே ஏழு பேர். ஏழு பேரும் பிழைத்திருந்தார்கள். இன்றைக்கு ஏழு பேரை வைத்து ஒரு ஆய்வுக் கட்டுரை அனுப்பினால் படிக்காமலே திருப்பி அனுப்புவார்கள். அந்த ஆண்டு நவம்பரிலேயே ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அங்கே சட்டம் வந்தது 1973-ல். கெய்ர்ன்ஸ் இறந்து 21 வருடம் ஆகியிருந்தது.

அவர் எத்தனை மண்டைகளைத் திறந்தார், எத்தனை பேரைக் காப்பாற்றினார் என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. கத்தியை வைத்துவிட்டு, வார்டில் படுத்திருந்தவர்களை எண்ணினார், பாருங்கள், அதுதான். இன்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் ஹெல்மெட் மரண ஆபத்தை 42 சதவீதமும் தலைக்காய ஆபத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று தெரிகிறது. என் வாழ்நாளில் நான் போடப்போகும் அத்தனை ட்யூபும் ஊசியும் சேர்ந்தாலும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வராது. (பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து பயணம் செய்யும் ஹெல்மெட்டுக்கு இது பொருந்தாது. முழங்கையில் மாட்டிய ஹெல்மெட்டும் ஒரு முழங்கையைக் காப்பாற்றி நான் பார்த்ததில்லை.)

கெய்ர்ன்ஸுக்கு அடுத்த தலைமுறையில் அமெரிக்காவில் வில்லியம் ஹேடன் என்று ஒரு மருத்துவர். பொது சுகாதாரம் படித்தவர். 1966-ல் அந்த நாடு சாலைப் பாதுகாப்புக்கென்று முதன்முதலாக ஒரு அரசு அமைப்பை உருவாக்கியபோது அதன் தலைமைக்கு அவரைத்தான் உட்கார வைத்தார்கள். அவர் பார்வை மலேரியா ஒழிப்புக்காரர்களின் பார்வை. மலேரியாவுக்கு ஒரு கிருமி உண்டு, அதைச் சுமந்து வரும் கொசு உண்டு, கடிபடும் மனிதன் உண்டு, கொசு வளரும் குட்டை உண்டு. காயத்துக்கும் அப்படியே. இங்கே கிருமியின் இடத்தில் இருப்பது ஆற்றல். ஓடும் வண்டியின் வேகம் ஒரு உடம்பால் தாங்க முடியாத அளவில் அதற்குள் இறங்குவதுதான் காயம். வண்டி கொசு. சாலை குட்டை. விபத்துக்கு முன், விபத்தின் நொடியில், விபத்துக்குப் பின் என்று மூன்று கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மனிதன், வண்டி, சூழல் மூன்றிலும் என்ன செய்யலாம் என்று கட்டம் போட்டுக் காட்டினார்.

டெங்கு வந்தால் நாங்கள் என்ன செய்கிறோம்? ஒரு தெருவில் மூன்று பேர் காய்ச்சலோடு வந்தால் அன்று மாலையே சுகாதார ஆய்வாளர் அந்தத் தெருவில் தொட்டியைத் திறந்து பார்க்கிறார். மொட்டை மாடி டயரைக் கவிழ்க்கிறார். "தானாகக் காய்ச்சல் வந்தது" என்று யாரும் எழுதுவதில்லை. ஒரே பிரிவிலிருந்து ஒரு மாதத்தில் நான்கு மண்டை உடைந்து வந்தால் மட்டும் விதி என்கிறோம், போறாத காலம் என்கிறோம்.

இத்தனைக்கும் இது டெங்குவை விடப் பெரிய வியாதி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021-ல் சாலையில் இறந்தவர்கள் ஏறக்குறைய 11.9 லட்சம் பேர். 5 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்களைக் கொல்வதில் இதுதான் முதல் இடம், எந்தக் கிருமியும் அல்ல. 2022-ல் இந்தியாவில் 1,68,491 பேர். அதில் 44 சதவீதத்துக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அதே ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதல் மாநிலம் நம்முடையது: 64,105. இறந்தவர்கள் 17,884. நாளுக்கு 49 பேர். தினமும் ஒரு டவுன் பஸ் நிறைய ஆட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடல் உறுப்பு தானத்தில் தமிழ்நாடு முன்னணி என்று நமக்கொரு பெருமை உண்டு. நியாயமான பெருமைதான். தானம் செய்தவர்களின் உடலுக்கு இப்போது அரசு மரியாதையும் உண்டு. அந்த மூளைச்சாவுகளில் பெரும்பகுதி எந்தச் சாலையிலிருந்து வருகிறது என்பதை மட்டும் அந்த மேடையில் யாரும் கேட்பதில்லை.

சரி, ஆலைப் பிரிவுக்கு வருகிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஏ.ஆர். புத்தகத்தில் எழுத முடியாததை அதில் எழுத ஆரம்பித்தேன். சரியாக எந்த இடம், எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார், எதில் வழுக்கியது, இருட்டா வெளிச்சமா, ஹெல்மெட் இருந்ததா, இருந்தால் வார் மாட்டியிருந்ததா, பின்னால் இருந்தவர் எப்படி உட்கார்ந்திருந்தார். பெயர் கிடையாது. சிஸ்டர் பார்த்துவிட்டு, "இதுக்கா நோட்டு? என்னைக் கேட்டா சொல்ல மாட்டேனா?" என்றார். பிறகு அவரே நைட் டூட்டியில் நிரப்பி வைக்க ஆரம்பித்தார், என்னைவிட நன்றாக.

எழுத எழுதத்தான் சில விஷயங்கள் பிடிபட்டன. பின்னால் ஒருபக்கமாக அமர்ந்து வேகத்தடையில் விழுந்த பெண்கள் அந்த நோட்டில் அடிக்கடி வந்தார்கள். சேலையோ துப்பட்டாவோ பின் சக்கரத்தில் சிக்கியவர்களும் வந்தார்கள். பின்சக்கரத்தைப் பாதியளவாவது மூடும் தடுப்பு, பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி, கால் வைக்க இடம், இந்த மூன்றும் வண்டியில் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ம் விதி சொல்கிறது. பின்னால் உட்காருபவரின் துணி சிக்கக் கூடாது என்பதற்காகவே எழுதப்பட்ட விதி. ஷோரூமிலிருந்து வரும்போது இருக்கிறது. ஸ்டைலுக்காக முதல் வாரத்திலேயே கழற்றி எறிகிறார்கள். அந்தத் தடுப்பு கழற்றப்பட்ட வண்டியின் பின்னால் உட்கார்ந்து கழுத்து இறுகி வந்த ஒரு கல்லூரிப் பெண்ணைப் பார்த்த பிறகு, நான் எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் பின்சக்கரத்தைத்தான் பார்க்கிறேன். என் வீட்டில் இதற்காக நிறையக் கேலி.

ஏன் ஏ.ஆர். புத்தகத்திலேயே இதையெல்லாம் எழுதவில்லை என்று நீங்கள் கேட்கலாம். பயம்தான். ஏ.ஆர். என்பது நாளைக்குக் கோர்ட்டுக்குப் போகும் காகிதம். எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் கூண்டில் நின்று பதில் சொல்ல வேண்டும். ஒரு ஊரை விட்டு மாறி ஐந்து வருடம் கழித்துச் சம்மன் வரும். லீவு போட்டுவிட்டு, பஸ் பிடித்துப் போய், நான் எழுதியது என் கையெழுத்துதான் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். 'மது வாடை இருந்தது' என்று எழுதினால் ஒரு தரப்பு கோபிக்கும், எழுதாவிட்டால் இன்னொரு தரப்பு. "மேடம், செல்ஃப் ஸ்கிட்னு போடாதீங்க, ஏதாவது ஒரு வண்டி மோதிச்சுன்னு போடுங்க, இன்சூரன்ஸ் வரும்" என்று கெஞ்சுபவர்கள் உண்டு. அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. தானாக விழுந்தவனுக்கு யாரும் நஷ்டஈடு தர மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். இத்தனைக்கும் நடுவில் டாக்டர்கள் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்றே ஒன்று: குறைவாக எழுது.

குறைவாக எழுதியதன் விலை எனக்கு வேறொரு அறையில் தெரிந்தது. மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுக் கூட்டம், கலெக்டர் தலைமையில். எங்கள் தலைமை மருத்துவருக்கு வேறு வேலை, என்னைப் போகச் சொன்னார். நோட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். ஆலைப் பிரிவு என்றதும் ஒரு அதிகாரி பட்டியலைப் புரட்டிவிட்டு, "அது பிளாக் ஸ்பாட் லிஸ்ட்ல இல்லையே" என்றார். உண்மையிலேயே இல்லை. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் தூரத்துக்குள் மூன்று ஆண்டுகளில் மரணமோ கொடுங்காயமோ ஏற்பட்ட ஐந்து விபத்துகள், அல்லது பத்து மரணங்கள் நடந்தால்தான் அது கரும்புள்ளி. எண்ணுவது போலீஸ் வழக்குகளை. எதிரே வண்டி இல்லாமல் விழுந்தவர் பெரும்பாலும் வழக்காக மாறுவதில்லை. என் நோட்டில் பக்கம் பக்கமாக இருந்தவர்கள் அவர் பட்டியலில் இரண்டே வரியாக இருந்தார்கள். அந்த அம்மாவும் அதில் இல்லை. தவறி விழுந்தவர் அல்லவா. நான்தானே எழுதினேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், இத்தனை வருடத்தில் எவ்வளவோ மாறியிருக்கிறது. நான் படித்த காலத்தில் அடிபட்டவரைத் தொடவே பயந்த தனியார் மருத்துவமனைகளைப் பார்த்திருக்கிறேன். போலீஸ் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, முதலில் உயிரைக் காப்பாற்று என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பர்மானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. 1989-ல் சொன்னது வாசல் செக்யூரிட்டி வரை வந்து சேர நாளாயிற்று. உதவிக்கு வந்தவரை அலைக்கழிக்கக் கூடாது என்பது 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ பிரிவாக வந்தது. 108 வந்தது 2008-ல். தமிழ்நாடு அரசு டி.ஏ.இ.ஐ. என்ற விபத்து, அவசரச் சிகிச்சைத் திட்டத்தின் பெயரில் கேஷுவாலிட்டிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து, யாரை முதலில் பார்ப்பது என்று ஒரு ஒழுங்கு கொண்டு வந்தது. முன்பெல்லாம் அதிகம் கத்துபவரைத்தான் முதலில் பார்ப்போம். உண்மையில் அமைதியாகக் கிடப்பவர்தான் போய்க்கொண்டிருப்பார். 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' தொடங்கியபோது, முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு யார், எந்த ஊர் என்று கேட்காமல் அரசு பணம் கட்டும் என்றானது. அட்வான்ஸ் கட்டக் காசில்லாமல் ஆம்புலன்ஸிலேயே ஊர் சுற்றிய காலத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

மருந்துகளில் எனக்கு மிகப் பிடித்தது ட்ரானெக்ஸாமிக் ஆசிட். ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் 1962-ல் கண்டுபிடித்தது. பல வருடம் மாதவிடாய் ரத்தப்போக்குக்குக் கொடுத்துக்கொண்டிருந்த மலிவான மருந்து. 2010-ல் வெளிவந்த கிராஷ்-2 ஆய்வில் 40 நாடுகளைச் சேர்ந்த 20,000-க்கும் மேற்பட்ட விபத்துக் காயக்காரர்களில் பாதிப் பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இந்தியர்களும் அதில் உண்டு. ரத்தம் கொட்டிச் சாவது குறைந்தது. ஆனால் அடிபட்டு மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதைத் தாண்டிக் கொடுத்தால் நன்மை போய்க் கெடுதலாகவும் ஆகலாம். மருந்தின் விலை பிரச்சினையே இல்லை, கடிகாரம்தான் பிரச்சினை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் கால் உடைந்தால் முதலில் நாட்டுக்கட்டு, வீங்கிக் கறுத்த பிறகு ஜி.ஹெச். அந்தக் கடிகாரத்தை எந்தத் திட்டமும் இன்னும் திருப்பி வைக்கவில்லை.

உயிர் பிழைத்தவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அவர்கள் எந்த 48 மணி நேரத்துக்குள்ளும் அடங்குவதில்லை.

நோட்டின் முதல் பக்கங்களில் ஒரு கொத்தனார் இருக்கிறார். ஹெல்மெட் போட்டிருந்தார், வார் மாட்டவில்லை. அவர் விழுவதற்கு முன்பே ஹெல்மெட் கழன்று ஓடிவிட்டது. பெரிய மருத்துவமனையில் மூன்று வாரம் கிடந்து, நடந்தே வீடு திரும்பினார். எங்கள் கணக்கில் வெற்றி. ஒன்பது மாதம் கழித்து அவர் மனைவி சர்க்கரை மாத்திரை வாங்க ஓ.பி.க்கு வந்தார். எப்படி இருக்கார் என்று கேட்டேன். "இருக்காரு மேடம். ஆனா அவரு இல்ல" என்றார். மட்டப்பலகை பிடித்தால் சுவர் நூல் பிடித்த மாதிரி நிற்கும் கை. இப்போது செங்கல் எண்ணிக்கை மறந்துவிடுகிறதாம். சின்னச் சத்தத்துக்குச் சாப்பாட்டுத் தட்டை எறிகிறார். மகள் பக்கத்தில் போகப் பயப்படுகிறாள். வேலைக்குக் கூப்பிட ஆளில்லை. ஸ்கேனில் எல்லாம் சரியாகிவிட்டது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கிறது. மண்டையின் முன்பக்கம் அடிபட்டால் குணம் மாறும் என்று நாங்கள் பரீட்சைக்குப் படித்திருக்கிறோம், ஐந்து மார்க் கேள்வி. அந்த வீட்டில் அது தினமும் மூன்று வேளை நடக்கிறது. அந்த அம்மா பனியன் கம்பெனிக்குப் போகிறார், மகள் பத்தாவதோடு நின்றுவிட்டாள். இவர்களைச் சேர்த்து எண்ணும் ஒரு ரிஜிஸ்டரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆலைப் பிரிவு என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டுமே. கூட்டத்துக்கு நான்கு மாதம் கழித்து வேகத்தடைக்கு வெள்ளை பெயின்ட் அடித்தார்கள், முன்னால் மினுங்கும் குமிழ்கள் பதித்தார்கள். விளக்கு வந்தது. மீடியன் உடைப்பைக் காங்கிரீட் வைத்து அடைத்தார்கள். சிஸ்டர் இரண்டு மாதம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பிறகு மீண்டும் ஆரம்பித்தது, வேறு மாதிரி. உடைப்பை அடைத்ததால், இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பச் சலித்தவர்கள் ராங் சைடில் வர ஆரம்பித்தார்கள். முன்பு மல்லாந்து விழுந்தவர்கள் வந்தார்கள், இப்போது நேருக்கு நேர் மோதிய தொடைகளும் முழங்கால்களும் வந்தன. அடுத்த மழைக்குப் பிறகு யாரோ கடப்பாரையால் காங்கிரீட்டையும் உடைத்துவிட்டார்கள். எனக்கு அவர்கள் மேலும் கோபம் வரவில்லை. பெட்ரோல் விலை தெரிந்தவர்கள். ஒரு சப்வேயோ, சர்வீஸ் ரோடோ போட வேண்டிய இடத்தில் ஒரு சுவரை வைத்தால் இப்படித்தான் ஆகும். அதற்குள் எனக்கு மாறுதல் ஆணை வந்துவிட்டது. நோட்டை அடுத்து வந்த டாக்டரிடம் கொடுத்தேன். அவர் தொடர்ந்தாரா என்று கேட்க எனக்கு இதுவரை தைரியம் வரவில்லை.

இப்போது ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கிறேன். விபத்துத் தகவல்களைக் கணினியில் ஏற்ற ஐராட் என்று ஒரு தளம் வந்திருக்கிறது, ஐ.ஐ.டி. மெட்ராஸ் உருவாக்கியது. போலீஸ், நெடுஞ்சாலை, போக்குவரத்து, சுகாதாரம் எல்லாரும் ஒரே இடத்தில் எழுதலாம். நல்ல விஷயம். ஆனால் அதிலும் 'எப்படி'யை யாராவது ஒரு மனிதர் கேட்டுத்தான் எழுத வேண்டும். இரவு இரண்டு மணிக்கு அந்த மனிதர் என் ஹவுஸ் சர்ஜன்தான். அதனால் அவர்களுக்கு ஒரே ஒரு தொந்தரவு கொடுப்பேன். 'செல்ஃப் ஸ்கிட்' என்று எழுதிக் கொண்டுவந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் "எதில்?" என்று கேட்பேன். கேட்டுவிட்டு வரச் சொல்வேன். என்னைப் பற்றி ஹாஸ்டலில் என்ன பேசிக்கொள்வார்கள் என்று தெரியும்.

போன தை மாதம், ஒரு விடியற்காலை. நெற்றியில் தையல் போட்ட ஒரு பையன், கூட அவன் மாமா. ஹவுஸ் சர்ஜன் சென்னையில் பிறந்து வளர்ந்த பெண். செல்ஃப் ஸ்கிட் என்று எழுதிக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் கேட்பதற்குள் திரும்பிப் போனார். பத்து நிமிடம் கழித்து வந்தார்.

"மேடம், ரோட்ல ஏதோ செடியைப் பரப்பி வெச்சிருந்தாங்களாம். வண்டியெல்லாம் ஏறி மிதிச்சா விதை உதிருமாம். அதுல வழுக்கியிருக்கு. நிஜமாவே அப்படிப் பண்ணுவாங்களா?"

"பண்ணுவாங்க. என்ன செடி?"

மறுபடியும் ஓடினார். உள்ளேயிருந்து அந்த மாமாவின் குரல் கேட்டது. திரும்பி வந்தவர் பேனாவை ஏ.ஆர். புத்தகத்தின் மேல் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"கொள்ளுன்னு சொல்றாங்க மேடம். அதுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

தூக்கக் கலக்கத்தில் எனக்கும் சட்டென்று வரவில்லை. தமிழிலேயே எழுதச் சொன்னேன்.